கவுண்டர் இல்லாத கஸ்டம்ஸ்

என் பேண்ட் பாக்கெட்டில் எப்போதும் ஏதாவது ஒரு சாம்பிள் கிடக்கும். வால்வு மூடி, சட்டைப் பட்டன், துணித் துண்டு, ஒருமுறை பொம்மையின் கண்கூட. துவைக்கப் போடும்போது எடுக்க மறந்து வீட்டில் திட்டு வாங்கியதுண்டு. 90களின் பிற்பகுதியில் சென்னை தம்பு செட்டித் தெருவில் இறக்குமதிச் சரக்கைச் சுங்கத்திலிருந்து எடுத்துத் தரும் ஒரு கிளியரிங் ஏஜெண்ட் ஆபீஸில் பேப்பர் தூக்கும் பையனாகச் சேர்ந்தபோது தொற்றிக்கொண்ட பழக்கம் அது. “பேப்பரைக் காட்டிப் பேசாதடா, சாமானைக் காட்டிப் பேசு” என்பார் எங்கள் முதலாளி.

அன்றைக்கு அவர் சொன்னது சரிதான். பில் ஆஃப் என்ட்ரி, அதாவது இறக்குமதிச் சரக்கைச் சுங்கத்துக்கு அறிவிக்கும் படிவம், நாலு காப்பி. நாங்கள் சுருக்கமாக ‘பில்’ என்போம். நேராக எடுத்துப்போகிற சரக்கு என்றால் வெள்ளைத் தாள், ட்யூட்டி கட்டும் வரை பாண்டட் குடோனில் போய் உட்காரும் சரக்கு என்றால் மஞ்சள், பாண்டிலிருந்து வெளியே எடுத்தால் பச்சை. அந்தக் கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ராஜாஜி சாலை கஸ்டம் ஹவுஸில் மாடி மாடியாக ஏறி இறங்குவேன். முதலில் பில்லைப் பதிவு செய்யும் நோட்டிங். அப்புறம் சரக்கின் வகையையும் மதிப்பையும் பார்க்கும் அப்ரைசிங் குரூப். எங்கள் கட்சிக்காரர்கள் பெரும்பாலும் மெஷினரிக்காரர்கள், அதனால் அஞ்சாம் குரூப். அங்கிருந்து உதவி கமிஷனர், கணக்கு சரிபார்ப்பு, ட்யூட்டி கட்டுவது, பிறகு துறைமுகத்துக்கு ஓடிப்போய்ப் பெட்டியைத் திறந்து எக்ஸாமினேஷன். கடைசியாக, சரக்கை எடுத்துப்போகலாம் என்ற ‘அவுட் ஆஃப் சார்ஜ்’. அந்த முத்திரை விழுந்த சத்தம் கேட்ட பிறகுதான் மதியச் சாப்பாடு, மணி நாலானாலும்.

நடுவில் எங்கேயாவது சந்தேகம் வந்தால் என் பாக்கெட்டுக்கு வேலை வரும். அப்ரைசர் அந்தச் சாமானை விரலால் உருட்டிப் பார்ப்பார். “இது எங்கப்பா மாட்டுறது?” என்று கேட்பார். நான் இடது கையைப் பம்ப் மாதிரியும் வலது கையை ஷாஃப்ட் மாதிரியும் வைத்து நடித்துக் காட்டுவேன். அவர் தலையாட்டிவிட்டு எழுதுவார். இப்படிக் கையை ஆட்டியே எத்தனையோ பில் பாஸ் ஆகியிருக்கிறது. கம்ப்யூட்டர் வந்து தாள் குறைந்த பிறகும் இந்தப் பேச்சு மட்டும் போகவில்லை. நான் கிளியரிங் ஏஜெண்ட் ஊழியர்களுக்கான ஜி கார்டு பரீட்சை எழுதி, பிறகு சொந்தமாக லைசென்ஸ் எடுத்து, சின்ன ஆபீஸ் போட்ட பின்னும் என் தொழிலின் பாதி அந்த மேஜைக்கு முன்னால்தான் நடந்தது.

அது 2020 ஜூன் 8ஆம் தேதி முடிந்தது. அன்றைக்குத்தான் சென்னையிலும் பெங்களூருவிலும் சுங்கக் கட்டணப் பட்டியலின் 84, 85ஆம் அத்தியாயச் சரக்குகளுக்கு, அதாவது இயந்திரங்களுக்கும் மின்சாதனங்களுக்கும், ஃபேஸ்லெஸ் அசெஸ்மென்ட் தொடங்கியது. அந்த அக்டோபர் 31க்குள் நாடு முழுக்க எல்லாச் சரக்குக்கும் வந்துவிட்டது. சென்னையில் இறங்கும் சரக்கின் பில்லை நாட்டின் எந்த ஊரில் உட்கார்ந்திருக்கும் அதிகாரியும் பார்க்கலாம். அவர் யார், எந்த ஊர் என்று நமக்குத் தெரியாது. கொரோனாக் காலம் என்பதால் ஆரம்பத்தில் பலர் இதைத் தற்காலிக ஏற்பாடு என்று நினைத்தார்கள். நானும்தான்.

தற்காலிகம் இல்லை என்பது, இதன் வேர் எங்கே இருக்கிறது என்று தெரிந்தபோதுதான் புரிந்தது. உலக வர்த்தக அமைப்பின் நாடுகள் 2013 டிசம்பரில் பாலியில் கூடி ஒரு வர்த்தக எளிமையாக்க ஒப்பந்தத்துக்கு ஒப்புக்கொண்டன. எங்கள் தொழிலில் யாரும் இப்படித் தமிழில் சொல்வதில்லை, ‘ட்ரேட் ஃபெசிலிடேஷன்’ என்றே சொல்வோம். 1995இல் அந்த அமைப்பு தொடங்கியதிலிருந்து எல்லா நாடுகளும் சேர்ந்து முடித்த முதல் பலதரப்பு ஒப்பந்தம் அதுதான். வேடிக்கை என்னவென்றால், 2014 ஜூலையில் அதை நிறுத்திவைத்ததே இந்தியாதான். அரிசி, கோதுமையை அரசு வாங்கிச் சேமித்து வைப்பதற்குப் பாதுகாப்பு வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது. அந்த நவம்பரில் அதற்கு ஒரு வழி பிறந்து, 2016 ஏப்ரல் 22இல் இந்தியாவும் ஒப்புதல் கொடுத்தது. மூன்றில் இரண்டு பங்கு நாடுகள் சேர்ந்ததும் 2017 பிப்ரவரி 22இல் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது.

அதில் இருப்பவற்றை எங்கள் பாஷையில் சொன்னால் இதுதான்: கப்பல் வரும் முன்னே பேப்பரைப் பார்த்துவிடு; எல்லாப் பெட்டியையும் திறக்காதே, சந்தேகப்பட்டதை மட்டும் திற; மற்றதைச் சரக்கு போன பிறகு கணக்கில் பார்த்துக்கொள்; சரக்குக்கு எந்த எச்.எஸ். கோடு, அதாவது கட்டணப் பட்டியலில் எந்த வகை எண், என்று முன்கூட்டியே கேட்டால் பதில் சொல். பத்து இலாகாவுக்குப் பத்து ஃபாரம் வாங்காதே. இதையெல்லாம் மேய்ப்பதற்கு ஒவ்வொரு நாட்டிலும் ஒரு தேசியக் குழு இருக்க வேண்டும். இந்தியாவில் அது 2016இல் கேபினட் செயலாளர் தலைமையில் அமைந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 2017க்குப் பிறகு வந்ததெல்லாம் இந்த ஒப்பந்தத்தால் வந்தது என்று சிலர் பேசுவார்கள். அப்படி இல்லை. பில்களைக் கம்ப்யூட்டரே சலித்துப் பிரிக்கும் ஆர்.எம்.எஸ். 2005லேயே வந்துவிட்டது. ட்யூட்டியை நாமே கணக்குப் போட்டுத் தாக்கல் செய்யும் செல்ஃப் அசெஸ்மென்ட் 2011இல் வந்தது. பல இலாகாக்களின் அனுமதியை ஒரே இடத்தில் சேர்த்த ஸ்விஃப்ட், 2016 ஏப்ரல் 1ஆம் தேதி, நாம் ஒப்புதல் கொடுப்பதற்கு மூன்று வாரம் முன்பே தொடங்கிவிட்டது. ஒப்பந்தம் செய்தது, கதவைத் திரும்ப மூட முடியாதபடி ஆப்பு வைத்ததுதான். முன்பெல்லாம் ஒரு கமிஷனர் நல்ல ஏற்பாடு ஒன்றைக் கொண்டுவருவார், அவர் மாறிப்போனதும் அது ஓய்ந்துவிடும். இப்போது தேசியச் செயல்திட்டம் என்று எழுதி, துறைமுகத்தில் இறக்குமதி 48 மணி நேரத்தில், விமானச் சரக்கு 24 மணி நேரத்தில் வெளியேற வேண்டும் என்று இலக்கும் வைத்து அளக்கிறார்கள். அளக்க ஆரம்பித்தால் அப்புறம் யாரும் சும்மா இருக்க முடியாது.

அளவைகளிலும் கூத்து உண்டு. உலக வங்கியின் ‘டூயிங் பிசினஸ்’ அறிக்கையில் எல்லை தாண்டிய வர்த்தகத்தில் இந்தியா 146ஆம் இடத்திலிருந்து ஒரே வருடத்தில் 80க்குத் தாவியது, அடுத்த வருடம் 68. எங்கள் தெருவில் எல்லோரும் பெருமைப்பட்டோம். அப்புறம்தான் தெரிந்தது, அந்தக் கணக்குக்கு அவர்கள் எடுத்துக்கொண்ட ஊர்கள் டெல்லியும் மும்பையும் மட்டும். எண்ணூர் சாலையில் டிரெய்லர் வரிசையில் டிரைவர்கள் சோறு பொங்கித் தின்ற நாட்கள் அதில் வரவே இல்லை. 2021இல் தரவுக் குளறுபடி என்று அந்த அறிக்கையையே உலக வங்கி நிறுத்திவிட்டது.

சரி, என் கதைக்கு வருகிறேன்.

2021 தொடக்கம். அம்பத்தூரில் ஹைட்ராலிக் பம்ப் செய்யும் ஒரு சிறு தொழிலதிபர், பல வருடப் பழக்கம். ஒரு கன்டெய்னர் பம்ப் பாகங்கள் வந்தன. இன்வாய்ஸில் பதினொரு வரி. ஒன்பதாவது வரி: ‘சீல் கிட், 400 செட்’. அவ்வளவுதான். அதற்கு முன் பலமுறை வந்த சரக்கு. பம்ப்பின் பாகம் என்று 8413 என்ற கோட்டில் போட்டுத் தாக்கல் செய்தேன். ஆர்.எம்.எஸ். அதை அசெஸ்மென்டுக்குத் திருப்பிவிட்டது. சாயங்காலம் கஸ்டம்ஸின் இணையதளமான இக்கேட்டில் க்வெரி வந்து நிற்கிறது: சீல் கிட்டில் என்னென்ன உள்ளன, எந்தப் பொருளால் ஆனவை?

கை பழக்கத்தில் பாக்கெட்டைத் தொட்டேன். அங்கே ஒரு ரப்பர் வளையம் இருந்தது. யாரிடம் காட்ட? சட்டென்று நாலே சொல்லில் பதில் அடித்தேன்: ‘கேட்டலாக்கில் உள்ளபடி பம்ப் பாகங்கள்’. கேட்டலாக்கை ஸ்கேன் செய்து, ஆவணங்களை ஏற்றும் இ-சஞ்சித்தில் ஏற்றி, அது கொடுத்த எண்ணையும் போட்டேன். கேட்டலாக் நாற்பது பக்கம். எந்தப் பக்கம் என்று நான் சொல்லவில்லை. கவுண்டரில் நின்றிருந்தால் அந்தப் பக்கத்தை மடித்து நீட்டியிருப்பேன், அவ்வளவுதானே என்ற நினைப்பு.

அடுத்த நாள் மதியம் இரண்டாவது க்வெரி. கேட்டது அதே கேள்விதான், ஆனால் இந்த முறை கூர்மையாக: சீல்கள் வல்கனைஸ் செய்த ரப்பரா? ஆம் எனில் பதினாறாம் பிரிவின் குறிப்பு 1(அ) ஏன் பொருந்தாது?

படித்ததும் வயிற்றில் ஏதோ செய்தது. கட்டணப் பட்டியலில் பதினாறாம் பிரிவு என்பது 84, 85 இரண்டும் சேர்ந்தது. அதன் முதல் குறிப்பே, இயந்திரத்தில் மாட்டும் பொருளானாலும் சாதாரண வல்கனைஸ் ரப்பரால் ஆனது என்றால் இந்தப் பிரிவுக்குள் வராது, 4016க்குப் போ என்கிறது. ஓ-ரிங், ஆயில் சீல் இரண்டுக்கும் அங்கே தனித்தனிப் பெயரோடு கோடே இருக்கிறது. இது எனக்குத் தெரியாததா? பரீட்சைக்குப் படித்த விஷயம். ஆனால் இத்தனை வருடமாகப் ‘பம்ப் சாமான்’ என்று பேசியே பாஸ் ஆகிவந்ததில் அந்தக் குறிப்பு எனக்கு மங்கிப் போயிருந்தது. 4016 போட்டால் ட்யூட்டி கூடும். கட்சிக்காரருக்கு போன் போட்டேன்.

“சார், அந்த சீல் கிட்டுல என்னென்ன இருக்கு?”

“எல்லாம் ரப்பர்தான் சார். ஏன், எப்பவும் வர்றதுதானே?”

“எப்பவும் வர்றதுதான். அதான் பிரச்சனை.”

அவர் ஒரு கேள்வி கேட்டார், நியாயமான கேள்வி: “முன்னாடி பாஸ் பண்ணாங்களே, அதைக் காட்டலாமே?” காட்டலாம். ஆனால் முன்னால் தப்பாகப் பாஸ் ஆனது, இப்போது அது சரி என்பதற்கு ஆதாரம் ஆகாது. இன்னும் மோசம், பழைய பில்களையும் நாமே இழுத்துவந்து மேஜையில் வைத்த மாதிரி ஆகும். நான் வேண்டாம் என்றேன்.

அதிகாரியோடு எனக்கு வழக்கில்லை. அவர் சொன்னது சட்டப்படி சரி. ஒருவேளை அவர் சொன்னது தவறு என்று நமக்குப் பட்டால், கோடு மாற்றத்தை எழுத்தில் ஒப்புக்கொள்ளாமல் இருந்தால் போதும். காரணம் விளக்கிய ஆணையை 15 நாளுக்குள் தர வேண்டும் என்று சுங்கச் சட்டம் 17(5) சொல்கிறது. அந்த ஆணை கையில் இருந்தால்தான் அப்பீலுக்கு வலு இருக்கும். ‘சரக்கு வந்தால் போதும், கட்டிவிடுகிறோம்’ என்று ஒரு வரி எழுதிக் கொடுத்துவிட்டு அப்புறம் அப்பீலுக்கு வழி கேட்டு வருகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். எழுதிக் கொடுக்கும் முன் ஒரு ராத்திரி தூங்கி எழுந்து யோசியுங்கள்.

எங்கள் விஷயத்தில் ஒப்புக்கொண்டோம். ஒவ்வொரு செட்டிலும் எத்தனை ஓ-ரிங், எத்தனை ஆயில் சீல், என்ன ரப்பர் என்று சப்ளையரிடமிருந்து ஒரு பக்க விவரம் வாங்கி ஏற்றினேன். நேர வித்தியாசத்தில் அந்தக் கடிதம் வரவே ஒன்றரை நாள். நடுவில் ஒரு ஞாயிறு. மொத்தம் ஆறு நாள். துறைமுகத்துக்கு வெளியே கன்டெய்னர்களை வைக்கும் சரக்கு நிலையத்தில் இடத்துக்கான கிரவுண்ட் ரென்ட், பெட்டியைத் திருப்பித் தரும் தாமதத்துக்கு ஷிப்பிங் லைனுக்கு டிடென்ஷன் என்று மீட்டர் ஓடிக்கொண்டே இருந்தது. கூடுதல் ட்யூட்டியைவிட இந்த வாடகைதான் கட்சிக்காரரைச் சுட்டது. அந்த ஒரு பக்கக் கடிதத்தைச் சரக்கு கப்பலேறும் முன் வாங்கியிருந்தால் செலவு பூஜ்யம்.

அந்த வாரம் எனக்கு ஒன்று உறைத்தது. கவுண்டரில் நான் செய்துவந்த வேலை ஒழியவில்லை. அது வெளிநாட்டு சப்ளையரின் ஆபீஸுக்கு இடம் மாறிவிட்டது. அவன் இன்வாய்ஸ் அடிக்கும் நேரத்திலேயே அப்ரைசரின் கேள்விக்குப் பதில் அதில் இருக்க வேண்டும்.

இதன் இன்னொரு முகம் லேட் ஃபீ. கப்பல் வந்த பிறகு நிதானமாக பில் போட்ட காலம் ஒன்று இருந்தது. 2017இல், வந்த நாளுக்கு மறுநாள் முடிவதற்குள் தாக்கல் செய்ய வேண்டும் என்றார்கள். 2021 பட்ஜெட்டில், வரும் நாளுக்கு முந்தைய நாள் முடிவதற்குள் என்று ஆக்கிவிட்டார்கள். இலங்கை, வங்கதேசம், மியான்மர் மாதிரி பக்கத்து நாட்டுக் கடல் சரக்குக்கு மட்டும் வரும் நாள் வரை சலுகை. தவறினால் முதல் மூன்று நாளைக்குத் தினம் 5,000 ரூபாய், அதற்கு மேல் தினம் 10,000. விடுமுறையும் கணக்கில் சேரும்.

எனக்கு அது ஒரு திங்கட்கிழமை விடிந்தது. சரக்கை அனுப்பும் ஏற்பாடு செய்யும் ஃபார்வர்டர், ஹவுஸ் பி.எல்.லை, அதாவது அவர் தரும் கப்பல் சரக்கு ரசீதை, வெள்ளிக்கிழமை தருகிறேன் என்றார், சனி என்றார், ஞாயிறு போனை எடுக்கவில்லை. திங்கள் காலை கப்பல் வந்தது, பத்தரைக்குத்தான் பி.எல். வந்தது, பதினொன்றுக்கு பில் போட்டேன். 5,000 ரூபாய். கட்சிக்காரர் கேட்டார்: “கன்டெய்னர் இன்னும் கப்பல்லதான் இருக்கு, அதுக்குள்ள எப்படி சார் லேட்டு?” அவருக்கு விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. தக்க காரணம் இருந்தால் அந்தக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்ய அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. எழுதிக் கேட்டேன். காரணத்துக்கு ஆதாரம் என்ன என்றார்கள். நான் வெள்ளி, சனி, ஞாயிறு பேசியதெல்லாம் போனில். ஒரு மெயில்கூட இல்லை. கட்டினோம். பாதியை நான் ஏற்றுக்கொண்டேன். இப்போது எங்கள் ஆபீஸில் போன் பேசி முடித்ததும் ‘பேசியபடி’ என்று ஆரம்பித்து இரண்டு வரி மெயில் போட வேண்டும் என்பது சட்டம்.

இதில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. கஸ்டம்ஸ் சென்னை மாதிரி பெரிய துறைமுகங்களில் 24 மணி நேரமும் இயங்குகிறது, சந்தோஷம். விடுமுறை நாளும் கெடுவில் கணக்காகிறது, சரி. ஆனால் சரக்கை ஒப்படைக்கச் சொல்லும் டெலிவரி ஆர்டர் தரும் இடமும், பி.எல். தரும் ஆளும் ஞாயிறு பூட்டிக்கொண்டு போகிறார்கள். கடிகாரத்தை நம் ஒருவர் கையில் மட்டும் கட்டியிருக்கிறார்கள். மாதாந்திர வர்த்தக எளிமையாக்கக் கூட்டத்தில் இதைச் சொன்னேன். குறிப்பில் எழுதிக்கொண்டார்கள்.

முன்கூட்டி பில் போடுவதில் இறக்குமதியாளர்களுக்கு ஒரு பயம் உண்டு. சரக்கு வராமலே ட்யூட்டி கட்டிவிட்டால் என்ன செய்வது என்று. ஆனால் கப்பல் வரும் எனக் கணக்கிட்ட நாளுக்கு 30 நாள் முன்பே பில் போட்டுவிடலாம், போடும் அன்றே பணம் கட்டத் தேவையில்லை. க்வெரி வருவதானால் சரக்கு கடலில் இருக்கும்போதே வரட்டும். அந்த நாட்களுக்கு யாரும் வாடகை கேட்பதில்லை. என் அனுபவத்தில் இந்த மொத்த மாற்றத்திலும் சிறு இறக்குமதியாளருக்குக் கிடைத்த பெரிய லாபம் இதுதான், ஆனால் அவர்களில் பலர் இதைத் தண்டனையாகவே பார்க்கிறார்கள்.

டைரக்ட் போர்ட் டெலிவரி வந்தபோது அதே அம்பத்தூர்க்காரரைப் பெரிய ஆர்வத்தோடு சேர்த்துவிட்டேன். சரக்கு நிலையத்துக்குப் போகாமல் கன்டெய்னர் துறைமுகத்திலிருந்து நேரே ஃபேக்டரி. 48 மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும். முதல் கன்டெய்னர் எல்லாம் சரியாக முடிந்து ராத்திரி கிளம்பி, விடியற்காலை அவர் தெருமுனையில் போய் நின்றது. நின்றது, உள்ளே போகவில்லை. நாற்பதடி டிரெய்லர் திரும்ப அந்தத் தெருவில் இடமில்லை. ஃபோர்க்லிஃப்ட் இல்லை. பத்து பேரை வைத்து மதியம் வரை கையால் இறக்கினார்கள், எதிர்வீட்டு அம்மா போலீஸைக் கூப்பிடுவேன் என்றார். சரக்கு நிலையம் நமக்குத் தெரியாமலே குடோனாக, ஃபோர்க்லிஃப்டாக, காத்திருப்பு அறையாக இருந்திருக்கிறது. அவர் இப்போது இருபதடிப் பெட்டி என்றால் நேரடி, நாற்பதடி என்றால் பழைய வழி. வேகம் எல்லோருக்கும் ஒரே அளவில் தைத்த சட்டை இல்லை.

மரப் பலகை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். பெட்டிக்கு அடியில் வைக்கும் பேலட். அதில் கோதுமைக் கதிர் மாதிரி ஒரு சின்ன முத்திரையும், நாட்டின் எழுத்தும், சூடுபடுத்தியது என்றால் எச்.டி. என்ற எழுத்தும் இருக்க வேண்டும். பூச்சி வராமல் பதப்படுத்திய மரம் என்பதற்கான சர்வதேச அடையாளம். ஒருமுறை எல்லா பேப்பரும் பழுதில்லாமல் இருந்து, எக்ஸாமினேஷனில் ஆறு பேலட்டில் இரண்டில் முத்திரை இல்லை. அவ்வளவு விலையுயர்ந்த சரக்கு, பத்து ரூபாய் முத்திரைக்காக, தாவர நோய்த் தடுப்பு இலாகா பார்த்து, மருந்தடித்து முடியும் வரை நின்றது. அதிலிருந்து லோடு ஏற்றும் முன் ஒவ்வொரு பேலட்டையும் முத்திரை தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்பச் சொல்கிறேன். சீனாக்காரர் முதலில் சிரித்தார். இப்போது கேட்காமலே அனுப்புகிறார்.

இதெல்லாம் சரக்கு வெளியே வரும் வரை. உண்மையான மாற்றம் சரக்கு வெளியே வந்த பிறகுதான் இருக்கிறது, அதைத்தான் யாரும் கண்டுகொள்வதில்லை. ஆர்.எம்.எஸ். ஒரு பில்லை அசெஸ்மென்டும் இல்லாமல் எக்ஸாமினேஷனும் இல்லாமல் அனுப்பிவிட்டால், கஸ்டம்ஸ் அதை ஏற்றுக்கொண்டது என்று அர்த்தமில்லை. இப்போது பார்க்கவில்லை, அவ்வளவுதான். கிளியரன்ஸுக்குப் பிந்தைய தணிக்கைக்கு 2018இல் சுங்கச் சட்டத்தில் தனியாக 99ஏ பிரிவையே சேர்த்தார்கள். குறைவாகக் கட்டிய ட்யூட்டியைக் கேட்க இரண்டு வருடம் வரை நேரம், மறைத்தது என்று நிரூபணமானால் ஐந்து வருடம்.

வேறொரு கட்சிக்காரர், வார்ப்பு பாகங்கள் இறக்குமதி. அவருக்குத் தணிக்கை வந்தது. ஒரு பில்கூட நிற்காமல் ஓடிய கம்பெனி அது. வந்தவர்கள் பில்லைப் பார்க்கவில்லை, நேரே லெட்ஜரைக் கேட்டார்கள். அதில் வெளிநாட்டு சப்ளையருக்கு ‘மோல்டு செலவு’ என்று தனியாக ஒரு தொகை போயிருந்தது. அந்த மோல்டு இந்தியாவுக்கு வரவே இல்லை, சப்ளையரின் ஃபேக்டரியிலேயே இருக்கிறது. அதனால் கட்சிக்காரர் என்னிடம் சொல்லவும் இல்லை. ஆனால் 2007 மதிப்பீட்டு விதிகளில் பத்தாவது விதி, சரக்கைச் செய்ய வாங்குபவர் இலவசமாகவோ குறைந்த விலைக்கோ கொடுத்த அச்சு, கருவி, மோல்டின் மதிப்பையும் சரக்கின் மதிப்போடு சேர்க்கச் சொல்கிறது. “அன்னைக்கே கேட்டிருந்தா கட்டியிருப்பேனே” என்றார். அன்றைக்குக் கேட்க யாரும் இல்லை என்பதுதான் இந்த முறையின் அமைப்பே. நோட்டீஸ் வரும் முன்பே வித்தியாசத்தையும் வட்டியையும் தாமாகக் கட்டிவிட்டதால் அபராதம் இல்லாமல் முடிந்தது. நோட்டீஸ் வரட்டும் பார்க்கலாம் என்று இருந்திருந்தால் கதை வேறு. இப்போது புதிதாக ஒரு கட்சிக்காரர் வந்தால் நான் இன்வாய்ஸ் கேட்பதற்கு முன் அவருடைய அக்கவுண்டன்டோடு ஒரு டீ குடிக்கிறேன். ராயல்டி, மோல்டு, டிசைன், கமிஷன் என்று வெளிநாட்டுக்குப் போகும் பணமெல்லாம் அவருக்குத்தான் தெரியும்.

ஆசியான் ஒப்பந்தச் சலுகையில் இறக்குமதி செய்பவர்களுக்கும் இதே நிலைமைதான். முன்பு மூலநாட்டுச் சான்றிதழைக் கொடுத்தால் முடிந்தது. 2020 செப்டம்பர் 21 முதல், அந்தச் சரக்கு அந்த நாட்டில் எப்படி உருவானது என்ற விவரம் இறக்குமதியாளர் கையிலேயே இருக்க வேண்டும், ஐந்து வருடம் வைத்திருக்கவும் வேண்டும். சலுகையில் மிச்சமாகும் பணம் சின்னதென்றால், பேசாமல் முழு ட்யூட்டி கட்டிவிடுங்கள் என்று நான் சிலருக்குச் சொல்லியிருக்கிறேன். கேட்கப் பிடிக்காது. ஆனால் சப்ளையர் விவரம் தர மறுக்கிறான் என்றால் வேறு வழியும் இல்லை.

அட்வான்ஸ் ரூலிங் என்றொரு வசதி இருக்கிறது. டெல்லியிலும் மும்பையிலும் 2021இல் அதற்கென்று அமைப்பு தொடங்கினார்கள். 10,000 ரூபாய் கட்டி, இந்தச் சரக்கு எந்தக் கோடு என்று கேட்டால் மூன்று மாதத்தில் தீர்ப்பு. பெரிய கம்பெனிகள் பயன்படுத்துகின்றன. அம்பத்தூர்க்காரரிடம் சொன்னபோது, “நானே போய்க் கேட்டு அவங்க அதிகமா சொல்லிட்டா?” என்றார். அந்தப் பயத்துக்கு என்னிடம் பதில் இல்லை. நம்பகமான இறக்குமதியாளர் என்று கஸ்டம்ஸ் தரும் ஏ.இ.ஓ. சான்று மட்டும் எடுத்துக்கொண்டார், சிறு நிறுவனங்களுக்குத் தகுதியைத் தளர்த்திய பிறகு. அதற்காக அவர் ஃபேக்டரியில் முதல்முறையாக ஃபைல்களுக்கு நம்பர் போட்டார்கள். ட்யூட்டியைவிட அதில்தான் அவருக்கு லாபம் என்று நினைக்கிறேன்.

கஸ்டம் ஹவுஸ் பக்கம் இப்போது அபூர்வமாகத்தான் போகிறேன். மூலப் பத்திரம் காட்ட வேண்டி வந்தால் அங்கே இருக்கும் துரந்த் சுவிதா கேந்திரா என்ற உதவி மையம், அவ்வளவுதான். பீச் ஸ்டேஷனில் இறங்கி நடக்கும்போது பழைய டீக்கடையில் பழைய ஆட்கள் யாராவது இருக்கிறார்களா என்று கண் தேடும். இல்லை. பேப்பர் தூக்கும் பையன்களே இல்லை இப்போது. என் ஆபீஸில் இருக்கும் இரண்டு பெண்களும் பில் போடுவதில் என்னைவிட வேகம், ஆனால் அவர்கள் இதுவரை ஒரு அப்ரைசரை நேரில் பார்த்ததில்லை. அவர்களுக்கு நான் சொல்லித்தருவது சாமானைப் போட்டோ எடுக்க. ரப்பர் வளையத்தை வெள்ளைத் தாளில் வை, பக்கத்தில் ஸ்கேல் வை, பம்ப்பில் எங்கே மாட்டும் என்று கேட்டலாக் படத்தில் சிவப்பு வட்டம் போடு, பக்க எண்ணை எழுது. என் இரண்டு கையும் முன்பு நடித்துக் காட்டியதை ஒரே பி.டி.எஃப்.பில் அடக்க வேண்டும்.

போன வாரம் அம்பத்தூரிலிருந்து அடுத்த லோடுக்கான வரைவு இன்வாய்ஸ் வந்தது. ஏழாவது வரி: ‘உதிரி பாகங்கள், ஒரு லாட்’. போன் போட்டேன்.

“சார், ஏழாவது வரி.”

“தெரியும் சார், நீங்க கூப்பிடுவீங்கன்னு. ஆனா நாளைக்கு லோடிங்.”

“லோடிங் நாளைக்கு இருக்கட்டும். இன்வாய்ஸ் இன்னிக்கு மாறணும்.”

சாயங்காலம் ஏழு மணிக்குப் புது இன்வாய்ஸ் வந்தது. ஏழாவது வரி இருந்த இடத்தில் பதினான்கு வரிகள். கூடவே பேலட் போட்டோ ஆறு.